பிரேம் மட்டும் பழையது

அக்டோபர் 16, புதன்

மழை. காலை நடை இல்லை. மாத்திரை எட்டு மணிக்கு. கடை பத்து மணிக்கு.

என் தங்கை கணவர் சென்னியப்பனின் துப்பாக்கிக் கடையில் எனக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் சொல்வது கடினம். உரிமம் அவர் பெயரில். பழுது பார்ப்பவரும் அவரே. நான் பதிவேடு எழுதுவேன், துடைப்பேன், எண்ணெய் இடுவேன், அளவு எடுக்கச் சொன்னால் எடுப்பேன். பாலிடெக்னிக்கில் முப்பத்திரண்டு ஆண்டு உலோகவியல் நடத்தியவன் என்பதால் வருகிறவர்களிடம் "எங்க மச்சான் புரொபசருங்க" என்று பெருமையாகச் சொல்வார். எஃகைக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்குவது பற்றி எத்தனையோ வகுப்பு எடுத்திருக்கிறேன். கரும்பலகையில்தான்.

பதினொரு மணிக்கு முனிரத்தினம் வந்தார். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், வேலூர்ப் பக்கத்துக்காரர். பதினான்கு ஆண்டாக இந்த ஊர் நகைக்கடை ஒன்றின் வாசலில் இடுப்பில் ரிவால்வருடன் நிற்கிறார். வருடத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்ய எங்களிடம்தான் கொடுப்பார். இன்று அதை எவர்சில்வர் தூக்குப் பாத்திரத்தில் போட்டு, காவல் நிலையக் கடிதத்தோடு கொண்டுவந்தார். தோலுறை எரிந்துவிட்டதாம். பாத்திரத்தைத் திறந்ததும் சாம்பல் வாடை.

ஆயுத பூசைக்கு ரிவால்வரைச் சந்தனம் குங்குமம் வைத்துப் பலகையில் வைத்திருக்கிறார். பக்கத்தில் மகளின் நர்சிங் புத்தகங்கள், மனைவியின் தையல் இயந்திரம். தோட்டாக்கள் வேறு அறையில் இரும்புப் பெட்டியில். விளக்கு எப்படிச் சாய்ந்தது என்று தெரியவில்லை. சேலைத் திரை பிடித்து, அட்டைக் கூரை வரை போய்விட்டது. மூன்று பேரும் வெளியே ஓடி வந்துவிட்டார்கள்.

"கை நீட்டினா எடுத்திருக்கலாம் சார். அவ்ளோ கிட்ட இருந்துச்சு. பூசையில வச்சத மறுநாள் காலையிலதான எடுக்கணும்? நெருப்பு எரியறப்பவும் அதான் தோணுச்சு. கையை இழுத்துக்கினேன்."

யாரும் சிரிக்கவில்லை. நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

தீபாவளிக் கூட்டம் தொடங்குவதற்குள், அதாவது இருபத்தைந்தாம் தேதிக்குள், ஆயுதத்தோடு வந்து நிற்க வேண்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டாராம். இல்லையென்றால் வேறு ஆள். புதிய ரிவால்வருக்கு அனுமதி கேட்டு எழுதினால் எத்தனை மாதம் ஆகும் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அக்டோபர் 17, வியாழன்

பிரித்தோம். பிடியின் மரக்கட்டை கரியாகிவிட்டது. ஸ்பிரிங்குகளை விரலால் அழுத்தினால் கொண்டை ஊசிக் கம்பி போல அழுத்திய இடத்திலேயே நிற்கின்றன. வெளிச் செதிலைத் தேய்த்து எடுத்ததும், எல்லாப் பாகமும் பூட்டப்படும் உடற்சட்டமான பிரேம் பார்க்க நன்றாகவே இருந்தது. அதில் பொறித்த எண்ணும் தெளிவு.

மாப்பிள்ளை சென்னியப்பன் சாப்பிடப் போனபோது, பிடிக்கு அடியில் வெளியே தெரியாத இடத்தில் அரத்தை வைத்து மெல்ல இழுத்துப் பார்த்தேன். கடினமான எஃகில் அரம் கண்ணாடிமேல் போவது போல வழுக்கும். இங்கே கடித்தது. பொடி உதிர்ந்தது.

இரவு முழுக்கச் சாம்பலுக்குள் கிடந்து மெதுவாக ஆறியிருக்கிறது. எஃகை மென்மையாக்க வேண்டுமென்றால் இதைத்தான் செய்யச் சொல்லிக் கொடுத்தேன்.

துவைக்கப் போட்ட வேட்டி இரண்டும் காயவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

பழைய கல்லூரியில் கேட்டு, கடினத்தன்மை பார்க்கும் சிறு கருவி வாங்கிவந்தேன். மூன்று இடத்தில் மூன்று மூன்று முறை. எல்லாம் இருக்க வேண்டியதில் பாதிக்கும் கீழே. பிறகு மறுபடி மூன்று முறை. அதே.

கருவி பழையது. என் கையும் முன்போல நிலையாக இல்லை.

அக்டோபர் 19, சனி

மாப்பிள்ளை வழி சொல்லிவிட்டார். இதே வகை ரிவால்வர் ஒன்று எங்களிடம் உண்டு. உரிமையாளர் இறந்தபின் வீட்டார் ஒப்படைத்தது. உத்தரவுப்படி அதன் பிரேமை இரண்டாக அறுத்தாயிற்று. மற்ற பாகங்களை உதிரியாகப் பயன்படுத்த அனுமதி இருக்கிறது. அதிலிருந்து குழல், சிலிண்டர், சுத்தி, எல்லா ஸ்பிரிங்கும் மாற்றலாம். எண் இருப்பது பிரேமில். உரிமம் அந்த எண்ணுக்கு. அதனால் பிரேம் மட்டும் பழையதாகவே இருக்கும்.

பிரேம்தான் எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துவது. வெடிக்கும்போது முழு இழுப்பையும் தாங்குவது அதுதான். தாங்காமல் போனால் சிலிண்டர் பிளந்து, பிடித்திருக்கும் கை போகும். பக்கத்தில் நிற்பவருக்கு என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. இதை மாப்பிள்ளையிடம் விளக்க நினைத்தேன். "எனக்கென்னமோ அந்தப் பிரேம் மேல சந்தேகமா இருக்குதுங்க மாப்ள" என்பது மட்டும்தான் வாயில் வந்தது.

"உங்களுக்கு எதுல மச்சான் சந்தேகமில்ல? நேத்துச் சாம்பார்ல உப்புப் போட்டாளா இல்லியான்னு மூணு வாட்டி கேட்டீங்."

முனிரத்தினமும் இருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

அக்டோபர் 21, திங்கள்

தயாரிப்பாளருக்குத் தொலைபேசியில் பேசினேன். தீயில் கிடந்த பிரேமை அவர்கள் தொடுவதில்லை என்றார் ஒருவர், மிக மரியாதையாக. மாப்பிள்ளையிடம் சொன்னேன். "புதுசு விக்கறவன் வேற என்ன சொல்லுவான்" என்றார்.

மீண்டும் காய்ச்சிக் கடினமாக்கலாமே என்றும் கேட்டார். எந்தக் கலவை என்று தெரியாமல் காய்ச்சினால் கோணும், உள்ளே விரிசல் விழும் என்றேன். இதைச் சொல்லும்போது மட்டும் குரல் தடுமாறவில்லை. கரும்பலகை விஷயம் என்பதாலோ என்னவோ.

அக்டோபர் 22, செவ்வாய்

தங்கை மரகதம் என் மாடி அறைக்குப் புதுத் திரைச்சீலை போட்டிருக்கிறாள். பச்சை. மனைவி போனபின் இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருடம். அவளோ மாப்பிள்ளையோ இதுவரை முகம் சுளித்து ஒரு சொல் சொன்னதில்லை.

அக்டோபர் 23, புதன்

பாகங்கள் பூட்டியாயிற்று. மாப்பிள்ளையின் கைவேலையில் குறை சொல்ல முடியாது. சிலிண்டர் சுழன்று நிற்கும் சத்தம் புதியதைப் போலவே இருக்கிறது. நீலக்கருப்பு மெருகு ஏற்றியபின், இது தீயில் கிடந்தது என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார்கள்.

அக்டோபர் 24, வியாழன்

சோதனை. பின்கட்டில் மணல் பெட்டிக்கு முன்னால் ரிவால்வரை இடுக்கியில் பூட்டி, விசையில் கயிறு கட்டி, சுவருக்கு இந்தப் பக்கம் நின்று மாப்பிள்ளை இழுத்தார். ஆறு தோட்டா. ஆறும் ஒழுங்காகப் போயின. முனிரத்தினம் ரிவால்வரை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மகளின் படிப்பு இரண்டாம் வருடம், இனி கவலையில்லை என்றார். கைக்காவலுக்கு இருக்கிறதே தவிர, பதினான்கு வருடத்தில் ஒருமுறைகூடச் சுட்டதில்லையாம்.

மரகதம் பாயசம் வைத்தாள். அளவு எடுத்தேன். சொல்லும்படி ஒன்றுமில்லை.

அக்டோபர் 25, வெள்ளி

நேற்று எழுதியது சரியல்ல.

சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சோதனைக்கு முன்பே அளந்திருந்தேன். மெல்லிய அளவுத் தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்ப்பதுதான் முறை. 0.15 மில்லிமீட்டர் தகடு போயிற்று. 0.20 போகவில்லை. சுட்டபின் 0.20 தகடு தடையில்லாமல் போயிற்று. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். போயிற்று. ஆறு தோட்டாவுக்கே பிரேம் நீண்டிருக்கிறது. நல்ல பிரேம் ஆயிரம் தோட்டாவுக்கும் இப்படி நீளாது.

தகடுகளைத் துடைத்து உறையில் போட்டுவிட்டுப் பாயசம் சாப்பிட்டேன்.

இன்று காலை முனிரத்தினம் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போனார். இடுப்பில் புதுத் தோலுறை. பதிவேட்டில் "பாகங்கள் மாற்றிச் சரிசெய்யப்பட்டது" என்று எழுதியது நான்.

அக்டோபர் 26, சனி

மாப்பிள்ளையிடம் அளவைச் சொன்னேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவர் வெற்றிலை போடும் நேரமாகப் பார்த்து.

எவ்வளவு கூடியிருக்கிறது என்று கேட்டார். ஒரு தலைமுடியின் கனம் இருக்கும் என்றேன்.

"ஒரு மயிர் கனத்துக்கா மச்சான் ஒரு மனுசன் சோத்துல மண்ணள்ளிப் போடச் சொல்றீங்?" கோபமாகக்கூடக் கேட்கவில்லை. "வீடு எரிஞ்சு நிக்கறானுங்க அவன். அதைய வச்சு அவன் யாரைச் சுடப் போறான்? இடுப்புல தொங்குனாச் சரி. நீங்க அளந்தது சரிதானா? அதையச் சொல்லுங்கோ மொதல்ல."

சரி என்று சொல்லியிருக்க வேண்டும். தகட்டில் எண்ணெய் ஒட்டியிருந்தாலும் இருக்கலாம் என்றேன்.

எண்ணெய் ஒட்டியிருந்தால் இடைவெளி குறைவாகத்தான் காட்டும். அது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அக்டோபர் 27, ஞாயிறு

மரகதத்துக்குத் தோடு திருகு மாற்ற வேண்டியிருந்தது. அந்த நகைக்கடைக்கே போகலாம் என்றாள், தெரிந்த ஆள் வாசலில் நிற்கிறார், கூட்டத்தில் உள்ளே விடுவார் என்று. தெருவே நகர முடியாத கூட்டம். முனிரத்தினம் சலவைச் சீருடையில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் விறைத்து ஒரு சல்யூட் வைத்தார். சுற்றியிருந்தவர்கள் நான் யாரென்று திரும்பிப் பார்த்தார்கள்.

உள்ளே ஒரு மணி நேரம். கண்ணாடிக் கதவு வழியே வாசல் தெரிந்தது. கதவு திறக்கும் பெண் அவருடைய வலப்பக்கம், ஒரு முழத் தூரத்தில் நிற்கிறாள். அம்மாவுக்காகக் காத்திருந்த ஒரு சிறுமி அவர் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, உறையின் பித்தளைக் கொக்கியைச் சுண்டிச் சுண்டி விளையாடினாள். அவர் குனிந்து ஏதோ சொன்னார். அவள் சிரித்தாள்.

தோடு சரியாகிவிட்டதா என்று மரகதம் மூன்று முறை கேட்டாளாம். எனக்குக் கேட்கவில்லை.

அக்டோபர் 28, திங்கள்

பத்தரை மணிக்கு அவர் தேநீருக்குப் பின்சந்துக்கு வருவார் என்று தெரியும். போய் நின்றேன். சொல்ல வேண்டியதை ஒரு சீட்டில் வரிசையாக எழுதிக்கொண்டு போயிருந்தேன். சட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. தோட்டா போடாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்தேன். முதலில் சிரித்தார். பிறகு டம்ளரைப் பலகையில் வைத்தார்.

"சார், நீங்க நல்லவரு. யாராச்சும் என் எடத்துக்கு வர்றதுக்கோசரம் உங்களாண்ட சொல்லி அனுப்பிச்சானா?"

இல்லை என்றேன். தேநீரைக் குடிக்காமலே போய்விட்டார். அவருடையதற்கும் சேர்த்து நான் கொடுத்தேன்.

அக்டோபர் 29, செவ்வாய்

இதைப் பொறுமையாக எழுத வேண்டும்.

மதியம் இரண்டு மணிக்கு முனிரத்தினம் சீருடையிலேயே கடைக்கு வந்தார். யாரிடமும் பேசாமல் சிலிண்டரைத் திறந்து ஆறு தோட்டாவையும் எடுத்து மேசைமேல் வரிசையாக நிறுத்தினார். ரிவால்வரை என் முன்னால் வைத்தார். அளந்து காட்டச் சொன்னார்.

மாப்பிள்ளை அவசரமாக எழுந்து வந்தார். ஒன்றும் இல்லை, மச்சான் எதற்கும் இப்படித்தான் பயப்படுவார், சாப்பிட்டீங்களா என்றார். முனிரத்தினம் அவர் பக்கம் திரும்பவில்லை. நான் தகடுகளை எடுத்துத் துடைத்தேன். 0.20 தகட்டை அவர் கையிலேயே கொடுத்தேன். அவரே நுழைத்தார். போயிற்று.

முன்பு இது போகவில்லை என்பதற்கு என் சொல்லைத் தவிர அத்தாட்சி ஏதும் இல்லை. என் சொல்லுக்கு இந்தக் கடையில் என்ன மதிப்பு என்று அவரும் சிரித்துப் பார்த்தவர்தான். அதனால் அறுத்து வைத்திருந்த மற்ற பிரேமின் பாதியை அலமாரியிலிருந்து எடுத்துவந்தேன். அரத்தையும். பிடிக்கட்டையைக் கழற்றி, உள்பக்கம் காட்டினேன். இரண்டிலும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள் என்றேன்.

முதலில் அறுத்த துண்டு. அரம் வழுக்கிக் கீச்சென்று போயிற்று. பிறகு தன்னுடையது. பாதி இழுப்பிலேயே நிறுத்திவிட்டார். அரத்தின் பல்லில் ஒட்டியிருந்த பொடியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"மொதலாளி, இப்ப இதைக் கையில புடிச்சு நீங்க சுடுவீங்களா?"

"கயிறு எல்லாத்துக்குமே கட்டறதுதானுங்க முனிரத்தினம். அது வழக்கம்."

"கயிறு இல்லாம கேக்கறேன்."

மாப்பிள்ளையின் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. மேசையிலிருந்த துணியை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

முனிரத்தினம் நாற்காலியில் உட்கார்ந்தார். பட்டாளத்தில் சுடத் தகுதியில்லாத துப்பாக்கிக்கு வெள்ளைப் பட்டை அடித்து அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டும் கொடுப்பார்களாம். தோளில் வைத்துக்கொண்டு நடக்கலாம். தோட்டா போடக்கூடாது.

"அதுலயாச்சும் பட்டை இருக்கும் சார், பாத்தா தெரியும். நான் அஞ்சு நாளா எதைக் கட்டிக்கினு நின்னேன்? அந்தக் கதவு தொறக்கற பொண்ணு எனக்கு மக மாதிரி." என்னைப் பார்த்தார். "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

பன்னிரண்டு நாளாக என்றேன்.

"ஏன் சொல்லல?"

சந்தேகமாக இருந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அரம் கடித்த அன்றே எனக்குச் சந்தேகம் எதுவும் இருக்கவில்லை. கருவியில் எல்லா அளவும் ஒன்றுபோல வந்தபோதும் இருக்கவில்லை.

"பயம்" என்றேன். "சந்தேகம்னு சொல்லிக்கிட்டேனுங்க. பயந்தான்."

யாருக்குப் பயம் என்று அவர் கேட்கவில்லை. மாப்பிள்ளையும் கேட்கவில்லை. ஆனால் துணியை மடிப்பதை நிறுத்திவிட்டார்.

ரிவால்வரையும் தோட்டாவையும் கடையில் ஒப்படைத்ததற்கு ரசீது எழுதச் சொன்னார் முனிரத்தினம். எழுதியது மாப்பிள்ளை. தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கிறதே, அதுவரைக்குமாவது என்று மாப்பிள்ளை இழுத்தார். "எழுதுங்க" என்றார் அவர். ரசீதை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வெறும் உறையோடு வெயிலில் இறங்கிப் போனார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எண்ணெய்க் குளியல். மாப்பிள்ளை பேசவில்லை. இட்லி மாடிக்கே வந்தது.

நவம்பர் 2, சனி

மாத்திரை தீர்ந்துபோயிற்று. வாங்கப் போகவில்லை. அறையைச் சுத்தம் செய்தேன். என் பொருள் எல்லாம் இரண்டு பெட்டியில் அடங்கும் என்று தெரிந்தது. அடுக்கிப் பார்த்தேன், அவ்வளவுதான். மரகதம் காப்பி கொண்டுவந்து பெட்டிகளைப் பார்த்தாள்.

"எங்கியாச்சும் போறதுன்னா மழை நின்ன பொறகு போங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, பெட்டியிலிருந்து என் சட்டைகளை எடுத்து மறுபடி கொடியில் போட்டாள்.

நவம்பர் 4, திங்கள்

காவல் நிலையத்துக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று மாப்பிள்ளை மேசைமேல் வெள்ளைத் தாளை வைத்தார். தீயில் சேதமான ரிவால்வர், பயன்படுத்தத் தகுதியற்றது என்று. நான் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு ஒரு வரியில் விரலை வைத்தார்.

"'தகுதியற்றதாகக் கருதப்படுகிறது'ன்னு எழுதியிருக்கீங். கருதப்படுதா, இல்ல தகுதி இல்லியா?"

"இல்லீங்க மாப்ள."

"அப்ப அப்படியே எழுதுங்கோ. நான் கையெழுத்துப் போடறேன்."

ஆறு நாளில் அவர் என்னிடம் பேசியது இதுதான். வேறு தாளில் எழுதினேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, பதிவேட்டைத் திருப்பி, இருபத்தைந்தாம் தேதி வரியையும் அவரே அடித்தார்.

நவம்பர் 6, புதன்

முனிரத்தினத்தின் இடத்தில் வேறு ஆள் நிற்பதாக மாப்பிள்ளை சொன்னார். இரட்டைக்குழல் துப்பாக்கியோடு. பெயர் கேட்டேன், தெரியாது என்றார்.

புதிய ரிவால்வருக்கான விண்ணப்பத்தை முனிரத்தினம் சார்பில் தயார்செய்து, கையெழுத்துக்காகத் தபாலில் அனுப்பினோம். தீயணைப்பு நிலையச் சான்றும் சேர்த்து ஒன்பது தாள். ஒவ்வொன்றையும் இரண்டு முறை சரிபார்த்தேன். இரண்டு போதும் என்று நிறுத்திக்கொண்டேன்.

நவம்பர் 13, புதன்

விண்ணப்பம் கையெழுத்தாகித் திரும்பி வந்தது. தபால் உறையில் வேறு ஒரு சொல்லும் இல்லை.

மாத்திரை வாங்கக் கடைவீதி போனேன். நகைக்கடைக்கு எதிர்ச்சாரியில் வண்டி நிறுத்துமிடத்தில் முனிரத்தினம் விசிலோடு நின்றிருந்தார். பச்சை மேற்சட்டை, அதில் கடையின் பெயர். சம்பளம் முன்பு வாங்கியதில் பாதிதான் என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார். மகளுக்கு இந்த வருடம் மட்டும் ஏதோ உதவித்தொகை கிடைத்திருக்கிறதாம். அடுத்த வருடம் தெரியாது.

நான் சாலையைக் கடக்க வேண்டும். வண்டிகள் விடவில்லை. ஓரத்தில் நின்றுகொண்டே இருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். சல்யூட் இல்லை, தலையசைப்பும் இல்லை. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நடுச்சாலைக்கு வந்து, விசிலை ஊதி, வலது கையை நீட்டினார். இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன.

நான் மெதுவாகத்தான் நடப்பேன். கடந்து முடிக்கும்வரை அவர் கையை இறக்கவில்லை. ஐந்து விரலும் விரிந்து நின்றன.